குறைந்த பின்னுதைப்புள்ள மான் வேட்டைத் துப்பாக்கி

குறைந்த பின்னுதைப்புள்ள மான் வேட்டைத் துப்பாக்கி என்பது, சுடும்போது தோளில் விழும் உதை குறைவாக இருக்கும்படி தோட்டா, எடை, கட்டையின் நீளம் ஆகியவை தேர்ந்தெடுக்கப்பட்ட ரைஃபிள் ஆகும். மான் வேட்டை சட்டப்படி நடக்கும் நாடுகளில் பெண்களும் இளைஞர்களும் ஒல்லியான உடல்வாகு கொண்டவர்களும் இதை விரும்பி வாங்குகின்றனர். இந்தியாவில் மான் வேட்டை தடை செய்யப்பட்டுள்ளது. புள்ளிமானும் கடமானும் வாழும் தருமபுரி மாவட்டக் காடுகளில் எந்தத் துப்பாக்கியாலும் மானைச் சுடுவது குற்றம். ஆயினும், இந்தக் காடுகளின் பழைய வேட்டை வரலாற்றையும் நாட்டுத் துப்பாக்கியின் ஆபத்தையும் வெளிநாட்டு வேட்டை விதிகளையும் விளங்கிக்கொள்ளப் பின்னுதைப்பு பற்றிய அறிவு உதவும்.

பின்னுதைப்பு

துப்பாக்கி வெடிக்கும்போது குண்டு முன்னோக்கிப் பாய்கிறது. துப்பாக்கி பின்னோக்கி நகர்ந்து தோளை இடிக்கிறது. பள்ளிப் பாடநூல்களில் உந்த அழிவின்மை விதிக்கு எடுத்துக்காட்டாகச் சொல்லப்படும் பின்னியக்கம் இதுவே. பேச்சு வழக்கில் 'துப்பாக்கி உதைக்கிறது' என்பார்கள்.

உதையின் அளவை மூன்று காரணிகள் முடிவு செய்கின்றன. அவை குண்டின் எடையும் வேகமும், எரிந்து வெளியேறும் மருந்தின் அளவு, துப்பாக்கியின் எடை ஆகியவை. எடுத்துக்காட்டாக, .243 வின்செஸ்டர் தோட்டாவில் 6.5 கிராம் குண்டு நொடிக்கு ஏறத்தாழ 900 மீட்டர் வேகத்தில் செல்கிறது. அதன் உந்தம் சுமார் 5.9 அலகு. குழலிலிருந்து வெளியேறும் மருந்துப் புகையின் உந்தம் சுமார் 3.2 அலகு. இரண்டும் சேர்ந்த 9.1 அலகு உந்தத்தை 3.4 கிலோ எடையுள்ள துப்பாக்கி பெறும்போது, அது நொடிக்கு 2.7 மீட்டர் வேகத்தில் பின்னால் வருகிறது. அந்த ஆற்றல் ஏறத்தாழ 12 ஜூல்.

அதே எடையுள்ள துப்பாக்கியில் .30-06 தோட்டாவின் 11.7 கிராம் குண்டைச் சுட்டால் உதை 28 ஜூலைத் தாண்டும். அதாவது இரு மடங்குக்கும் மேல்.

துப்பாக்கியின் எடை குறைந்தால் உதை கூடும். 3.4 கிலோ துப்பாக்கிக்குப் பதிலாக 2.7 கிலோ துப்பாக்கியில் அதே .243 தோட்டாவைச் சுட்டால் உதை 12 ஜூலிலிருந்து 15 ஜூலாக உயரும். சிறிய உடல்வாகு கொண்டவருக்கு மிக இலேசான துப்பாக்கியே நல்லது என்று பலர் நினைக்கின்றனர். தூக்கி நடக்க அது எளிது. சுடும்போது அதுவே கூடுதலாக உதைக்கும்.

உதை ஏன் முக்கியம்

உதையினால் வரும் தோள்வலி பெரிய சிக்கல் அன்று. வலியை எதிர்பார்க்கும் உடல், விசையை இழுக்கும் கணத்திலேயே தன்னையறியாமல் குலுங்குவதே சிக்கல். கண் மூடிக்கொள்ளும், தோள் முன்னே தள்ளும், விரல் விசையை வெடுக்கென இழுக்கும். குறி சில அங்குலம் விலகினாலும், இதயமும் நுரையீரலும் உள்ள பகுதியில் பட வேண்டிய குண்டு வயிற்றிலோ காலிலோ படும். அடிபட்ட மான் ஓடி மறைந்து, மணிக்கணக்கிலோ நாள்கணக்கிலோ துன்புற்றுச் சாகும். தாங்க முடியாத பெரிய தோட்டாவைத் தவறாகச் சுடுவதைவிட, தாங்கக்கூடிய சிறிய தோட்டாவைச் சரியான இடத்தில் சுடுவதே மேல் என்று வேட்டைப் பயிற்றுநர்கள் சொல்வது இதனால்தான்.

இந்தக் குலுக்கத்தைக் கண்டறிய எளிய வழி ஒன்று உண்டு. பயிற்சிக் களத்தில் சுடுபவருக்குத் தெரியாமல், பயிற்றுநர் சில முறை வெற்றுப் பயிற்சித் தோட்டாவை இட்டுக் கொடுப்பார். வெடிக்காத துப்பாக்கியின் முனை சட்டெனத் தாழ்ந்தால், சுடுபவர் உதைக்கு அஞ்சுகிறார் என்று பொருள்.

தோட்டா வகைகள்

3.4 கிலோ எடையுள்ள துப்பாக்கியில் வழக்கமான வேட்டைத் தோட்டாக்களின் தோராயமான உதை:

.243 வின்செஸ்டர் (1955): 12 ஜூல்
.30-30 வின்செஸ்டர் (1895): 14 ஜூல்
6.5 க்ரீட்மூர் (2007): 17 ஜூல்
7×57 மவுசர் (1892): 17 ஜூல்
7 மி.மீ.-08 ரெமிங்டன் (1980): 18 ஜூல்
.30-06 ஸ்பிரிங்ஃபீல்டு (1906): 28 ஜூல்

முதன்முதலாக மான் வேட்டைக்குத் துப்பாக்கி வாங்குபவருக்கு .243 அதிகம் பரிந்துரைக்கப்படுகிறது. இதன் உதை குறைவு. தோட்டா எங்கும் கிடைக்கும். ஆனால் குண்டு சிறியது. அதனால் குறி துல்லியமாக இருக்க வேண்டும். பெரிய உடல் கொண்ட மான்களுக்கு 6.5 க்ரீட்மூர், 7 மி.மீ.-08 ஆகியவை பொருத்தமானவை. உதை சற்றுக் கூடினாலும், பயிற்சி உள்ள ஒருவர் தாங்கக்கூடிய அளவே.

7×57 மவுசர் தோட்டாவை இங்கிலாந்தின் ரிக்பி நிறுவனம் .275 ரிக்பி என்ற பெயரில் விற்றது. குமாவுன் பகுதியில் சம்பாவத் ஆட்கொல்லிப் புலியை 1907இல் சுட்ட ஜிம் கார்பெட்டுக்கு, ஐக்கிய மாகாணத்தின் துணை ஆளுநர் ஜான் ஹெவெட் பரிசளித்தது .275 ரிக்பி துப்பாக்கியே. பின்னாளில் கார்பெட் அதை விரும்பிப் பயன்படுத்தினார். உதை குறைந்த துப்பாக்கி தேர்ந்த கையிலும் பயன்பட்டதற்கு இது சான்று.

உடலுக்கேற்ற அளவு

தோட்டா சரியாக இருந்தாலும் துப்பாக்கி உடலுக்குப் பொருந்தாவிட்டால் உதை கூடுதலாகத் தெரியும். கவனிக்க வேண்டியவை:

கட்டையின் நீளம்: விசையிலிருந்து தோளில் பதியும் கட்டையின் முனை வரையிலான தூரம் இது. பொதுவான துப்பாக்கிகளில் 34 முதல் 35 செ.மீ. வரை இருக்கும். சிறிய உடல்வாகு கொண்டோருக்கான வகைகளில் 31 முதல் 32 செ.மீ. வரை இருக்கும். கட்டை நீளமானால் சுடுபவர் கையை நீட்டி, உடலைப் பின்னால் சாய்த்துப் பிடிக்க நேரும். அந்த நிலையில் உதை தோள் குழியில் பதியாமல் மேற்கையில் இடிக்கும்.

கன்னம் பதியும் உயரம்: கன்னம் கட்டையில் உறுதியாகப் பதிந்தபடியே கண் தொலைநோக்கியின் நடுவில் அமைய வேண்டும். கழுத்தைத் தூக்கிப் பார்க்க நேர்ந்தால் உதையில் கட்டை கன்னத்தில் அடிக்கும்.

தொலைநோக்கிக்கும் கண்ணுக்கும் இடைவெளி: ஏறத்தாழ 9 செ.மீ. இருப்பது நல்லது. இடைவெளி குறைந்தால் பின்னால் வரும் தொலைநோக்கியின் விளிம்பு புருவத்தை வெட்டிவிடும்.

தோள் மெத்தை: கட்டையின் முனையில் உள்ள மென்மையான ரப்பர் மெத்தை, உதையை நீண்ட நேரத்தில் பரப்பி மெதுவாக்குகிறது.

குழல்முனைத் தடுப்பு: புகையைப் பக்கவாட்டில் திருப்பி உதையைக் குறைக்கும் கருவி. இது ஒலியை மிகவும் கூட்டுவதால் காதுக்காப்பு இன்றிச் சுடக் கூடாது. ஒலியும் குலுக்கத்துக்கு ஒரு காரணம் என்பதால், உதையைக் குறைக்க ஒலியைக் கூட்டுவது சிலருக்குப் பயன் தராது.

தருமபுரி மாவட்டத்தில்

தருமபுரி மாவட்டம் 1965 அக்டோபர் 2 அன்று சேலம் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. 2004இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது. பென்னாகரம், ஒகேனக்கல், பாலக்கோடு, அரூர் பகுதிக் காடுகள் ஆங்கிலேயர் காலத்தில் வேட்டைக்காரர்கள் வந்து செல்லும் இடங்களாக இருந்தன. பெங்களூரில் வாழ்ந்த கென்னத் ஆண்டர்சன் (1910–1974) பென்னாகரம், ஒகேனக்கல், சின்னாற்றுப் பகுதிகளில் தாம் மேற்கொண்ட ஆட்கொல்லி வேட்டைகளைப் பற்றி எழுதியுள்ளார். அவருடைய துப்பாக்கி .405 வின்செஸ்டர். அதன் உதை ஏறத்தாழ 40 ஜூல், அதாவது .243 தோட்டாவைப் போல மூன்று மடங்குக்கும் மேல். புலிக்கு எதிரே நிற்பவருக்கு அந்த உதை ஒரு பொருட்டன்று. மானுக்கு அத்தகைய தோட்டா தேவையும் இல்லை.

படையினர் பயன்படுத்திய .303 தோட்டாவைப் பொதுமக்கள் வைத்திருக்க இந்தியாவில் தடை இருந்தது. அதனால் உரிமம் பெற்றவர்களிடையே .315 ரைஃபிள் பரவியது. இச்சாப்பூர் தொழிற்சாலையில் செய்யப்படும் இது லீ-என்ஃபீல்டு அமைப்பைக் கொண்டது. வெளிநாடுகளில் கிடைப்பது போல் பலவகைக் கட்டை நீளங்களும் தோட்டாக்களும் இங்கு உரிமதாரருக்குக் கிடைப்பதில்லை.

மலையோரச் சிற்றூர்களில் உரிமமின்றிப் புழங்கியது நாட்டுத் துப்பாக்கி. குழாயைக் குழலாக வைத்து, முனை வழியே கரிமருந்தும் பால்ரஸ் குண்டுகளும் இட்டுக் கெட்டித்துச் சுடப்படுவது இது. இதன் உதையை யாரும் கணக்கிட முடியாது. மருந்து கையளவில் போடப்படுவதால் ஒவ்வொரு வெடிக்கும் உதை மாறும். அளவு மிஞ்சினால் குழலே வெடித்து, சுடுபவரின் கை, கண், முகம் சிதையும். சிதறிப் பாயும் பால்ரஸ் குண்டுகள் மானைக் கொல்லாமல் காயப்படுத்தி விடுவதும், இருட்டில் மனிதர் மீது படுவதும் உண்டு. உரிமம் இல்லாத நாட்டுத் துப்பாக்கிகளை ஒப்படைக்கும்படி காவல்துறையும் வனத்துறையும் மலைக் கிராமங்களில் அவ்வப்போது அறிவிப்பு செய்கின்றன.

சட்டநிலை

வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972இன் 9ஆம் பிரிவு வேட்டையைத் தடை செய்கிறது. விலங்கைக் கொல்வது மட்டுமின்றி, கொல்ல முயல்வது, பொறி வைப்பது, துரத்துவது ஆகியவையும் சட்டத்தின் பார்வையில் வேட்டையே. சரணாலயத்துக்குள் வேட்டையாடினால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறையும், 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதமும் விதிக்கப்படும். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டக் காடுகளின் ஒரு பகுதி இன்று சரணாலயம். காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயம் 2014இலும், காவிரி தெற்கு வனவிலங்குச் சரணாலயம் 2022 நவம்பரிலும் அறிவிக்கப்பட்டன.

துப்பாக்கி வைத்திருக்க ஆயுதச் சட்டம், 1959இன்படி உரிமம் வேண்டும். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் ஒருவர் இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்க முடியாது. பயிர்ப் பாதுகாப்புக்காகப் பெற்ற உரிமம் மானைச் சுடும் அனுமதி ஆகாது. மான் பயிரை மேய்ந்தால் வனத்துறையிடம் இழப்பீட்டுக்கு விண்ணப்பிப்பதே விவசாயிக்கு உள்ள வழி.

வெளிநாடுகளில்

இந்தியாவில் காக்கப்படும் புள்ளிமானும் கடமானும் 19ஆம் நூற்றாண்டில் ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டுப் பெருகின. அங்கு அவை சட்டப்படி வேட்டையாடப்படுகின்றன. மெல்பர்ன் நகரை உள்ளடக்கிய விக்டோரியா மாநிலத்தில், புள்ளிமானுக்குக் குறைந்தது .243 அளவுள்ள துப்பாக்கியும் 80 கிரெயின் குண்டும் வேண்டும். கடமானுக்குக் குறைந்தது .270 அளவும் 130 கிரெயின் குண்டும் வேண்டும். வளர்ந்த புள்ளிமான் கிடாய் பொதுவாக 70 முதல் 90 கிலோ இருக்கும். கடமான் கிடாய் 200 கிலோவைத் தாண்டும். இந்த வேறுபாடே விதியின் காரணம். எனவே அங்கு வாழும் சிறிய உடல்வாகு கொண்ட ஒருவர் .243 வாங்கினால் கடமான் வேட்டைக்குப் போக முடியாது. 6.5 க்ரீட்மூர் தோட்டாவும் அந்த .270 அளவை எட்டுவதில்லை. இரண்டு மான்களுக்கும் ஒரே துப்பாக்கி வேண்டுமெனில், தகுந்த எடையுள்ள குண்டுடன் 7 மி.மீ.-08 பொருத்தமான தேர்வாகும்.

இங்கிலாந்தில் 1991ஆம் ஆண்டு மான் சட்டம், பெரிய மான்களுக்குக் குறைந்தது .240 அளவும் 1,700 அடி-பவுண்டு (ஏறத்தாழ 2,305 ஜூல்) ஆற்றலும் வேண்டும் என்கிறது. வழக்கமான .243 வேட்டைத் தோட்டா இந்த எல்லையைத் தாண்டுகிறது.

பயிற்சி

தொடக்கப் பயிற்சி பெரும்பாலும் உதை மிகக் குறைந்த துப்பாக்கியில் தொடங்குகிறது. காற்றுத் துப்பாக்கியிலும் .22 ரைஃபிளிலும் பிடி, மூச்சு, விசை இழுப்பு ஆகியவற்றைப் பழகியபின் வேட்டைத் துப்பாக்கிக்கு மாறுவது முறை. அப்போதும் ஒரு நாளில் சில தோட்டாக்களோடு நிறுத்திக்கொள்வர். தோள் களைத்தபின் தொடர்ந்து சுட்டால் குலுக்கம் பழக்கமாகிவிடும்.

இந்தியாவில் துப்பாக்கி சுடுதலில் ஆர்வம் உள்ளவருக்குச் சட்டப்படி திறந்துள்ள வழி விளையாட்டே. கடலூரில் பிறந்து குஜராத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன், 2019இல் ரியோ டி ஜெனிரோவில் நடந்த உலகக் கோப்பைப் போட்டியில் 10 மீட்டர் காற்றுத் துப்பாக்கிப் பிரிவில் தங்கம் வென்றார். இந்தப் பிரிவில் பயன்படும் 4.5 மி.மீ. காற்றுத் துப்பாக்கியின் உதை மிகச் சிறிது. இதன் கட்டை நீளத்தையும் கன்னம் பதியும் உயரத்தையும் சுடுபவரின் உடலுக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம்.