நர்ஸ் கல்வியும் ஆஸ்பத்திரிக் கட்டிலும்

ஒரு மனிதன் நிமிஷத்துக்கு எத்தனை முறை மூச்சு விடுகிறான் என்று எண்ணிப் பார்ப்பதற்கு மகா பாண்டித்தியம் வேண்டியதில்லை. ஒரு கடிகாரமும் ஒரு நிமிஷப் பொறுமையும் இருந்தால் போதும். ஆயினும் ஆஸ்பத்திரிக் குறிப்பேடுகளைப் புரட்டுவோருக்கு ஓர் அதிசயம் புலப்படும். எழுபது வயதுக் கிழவருக்கும் 20, இருபது வயது வாலிபனுக்கும் 20, காலையிலும் 20, நள்ளிரவிலும் 20. மற்ற விஷயங்களில் காணப்படாத ஒற்றுமை மூச்சு விடுவதில் மட்டும் நமது ஜனங்களுக்குள் எவ்வாறு உண்டாயிற்று என்று கேட்கத் தோன்றுகிறதல்லவா? உண்மை யாதெனில், பல இடங்களில் எவரும் எண்ணுவதில்லை, எழுதிவிடுகிறார்கள். இக்குறை நமக்கு மட்டும் உரியதன்று. மேனாட்டு வைத்தியப் பத்திரிகைகளிலும் இதே முறையீடு வந்திருக்கிறது. நோயாளியின் நிலை கெட்டு வருகிறது என்பதை மற்ற அறிகுறிகளுக்கு முன்னதாகவே மூச்சின் வேகம் பல சமயங்களில் தெரிவித்துவிடும். ஆகையால் அந்தப் பொய்யான 20, உயிரை வாங்கவும் கூடும்.

நர்ஸுகளைத் தூற்றுவது நமது நோக்கமன்று. நாற்பது நோயாளிகளை ஒருத்தியிடம் ஒப்படைத்துவிட்டு, ஒவ்வொருவருக்கும் முழு நிமிஷம் செலவிடவில்லையே என்று அவளைக் கேட்பதில் நியாயமில்லை. நாம் கவலைப்படுவது கற்க வந்திருக்கும் மாணவியைப் பற்றியே. மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்ப்பதுபோல் இருந்துகொண்டு, நோயாளி அறியாதபடி ஒரு முழு நிமிஷம் மார்பின் அசைவை எண்ண வேண்டும் என்று கல்லூரியில் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கிறார்கள். வார்டுக்குள் நுழைந்ததும், “அதெல்லாம் பரீட்சைக்குச் செரி, அம்முணி, இருபதுன்னு போட்டுட்டு வா” என்று மற்றொரு பாடம் நடக்கிறது. இவ்விரண்டில் எது மனத்தில் தங்கும் என்பதை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

ஏட்டில் உள்ள விதிகளைக் குறை கூறுவதற்கில்லை. இந்திய நர்ஸிங் கவுன்ஸிலின் புதிய பாடத்திட்டம் 2021-ம் வருஷத்தில் வெளிவந்தது. அதன்படி பி.எஸ்ஸி. நர்ஸிங் படிப்பு நான்கு வருஷம், எட்டுப் பருவம். உடற்கூறு, உடலியக்கம், மனோதத்துவம் என்று தொடங்கி, பெரியோர் நோய், குழந்தை நோய், மனநோய், பிரசவம், சமூக சுகாதாரம் என்று படிப்படியாகப் பாடம் செல்கிறது. வகுப்புக்கு 80 சதவீத வருகை இருந்தால் பரீக்ஷை எழுதலாம். செய்முறைப் பயிற்சியையோ 100 சதவீதமும் முடித்தாலன்றிப் பட்டம் கிடையாது. கடைசிப் பருவத்தில் 22 வாரங்கள், வாரத்துக்கு 48 மணி நேரம் ஆஸ்பத்திரிப் பணி. வார்டில் பத்து மாணவர்களுக்கு ஓர் ஆசிரியர் இருக்க வேண்டும் என்பதும் விதி. விதி இருக்கிறது, வார்டில் ஆசிரியர் இருக்கிறாரா என்பதே கேள்வி.

அவர் இருப்பதனால் என்ன லாபம் என்பதற்கு ஓர் உதாரணம் கூறுவோம். ஆயிரம் மில்லி குளுக்கோஸை எட்டு மணி நேரத்தில் ஏற்ற வேண்டும். குழாயோ ஒரு மில்லிக்கு இருபது சொட்டு விடுவது. நிமிஷத்துக்கு 42 சொட்டு என்று கரும்பலகையில் எந்த மாணவியும் கணக்கிட்டுவிடுவாள். கட்டிலண்டை நிலைமை வேறு. நோயாளி முழங்கையை மடக்கினால் சொட்டு நிற்கிறது, நீட்டினால் ஓடுகிறது. துணைக்கு வந்தவர், “எப்பங்க முடியும்?” என்று நூறு தரம் கேட்கிறார். குழந்தைகளுக்கு உபயோகிக்கும் குழாயில் ஒரு மில்லிக்கு அறுபது சொட்டு. ஒரு குழாயை மற்றொன்றாக எண்ணிச் சொட்டுக் கணக்கை வைத்துவிட்டால் மூன்று மடங்கு வித்தியாசம் வந்துவிடும். பச்சிளங் குழந்தையின் உடலில் அவ்வித்தியாசம் விளையாட்டல்ல. அந்த வேளையில் பக்கத்தில் நின்று, “குழாயை மறுபடியும் பார்” என்று சொல்ல ஒருவர் வேண்டும். பொம்மையை வைத்துப் பழக்கும் கூடங்கள் இப்போது ஏற்பட்டிருப்பது நல்லதே. ஆனால் பொம்மை கையை மடக்குவதில்லை.

இத்தொல்லைக்கு மூலம் பழைய சரித்திரத்தில் இருக்கிறது. 1860-ல் லண்டனில் நைட்டிங்கேல் அம்மையாரின் நிதியால் பள்ளி ஏற்பட்ட காலம் முதல், பழகுவதும் ஊழியம் செய்வதும் ஒன்றாகவே நடந்து வந்தன. சென்னை ஜெனரல் ஆஸ்பத்திரியில் 1871-ல் தொடங்கிய பயிற்சியும் அவ்வழியிலேயே சென்றது. சொற்ப உதவித்தொகையும் மாணவி என்ற பெயரும் கொடுத்து, வார்டு முழுவதையும் அவர்கள் தலையில் சுமத்தினார்கள். நமது சமூகத்தின் குற்றமும் இதில் உண்டு. பிறருடைய மலஜலத்தை எடுக்கும் தொழில் என்று சொல்லிப் பல குடும்பத்தார் பெண்களை அனுப்ப மறுத்தனர். ஆனால் தங்களுக்கு நோய் வந்தபோது அதே கைகளை எதிர்பார்த்தனர்!

இதன் பயனை 1946-ல் வெளிவந்த போர் கமிட்டியின் அறிக்கையில் காணலாம். அக்காலத்தில் தேசம் முழுவதற்கும் சுமார் 7,000 நர்ஸுகள். 43,000 ஜனங்களுக்கு ஒருத்தி என்ற கணக்கு. 1971-க்குள் 500 பேருக்கு ஒருவர் வேண்டும் என்று கமிட்டி கூறிற்று. அக்கமிட்டியில் அங்கத்தினராயிருந்த டாக்டர் ஆ. லட்சுமணசுவாமி முதலியாரே அப்போது சென்னைச் சர்வகலாசாலையின் துணைவேந்தர். அதே 1946-ல் டில்லியிலும், சென்னைச் சர்வகலாசாலையின் கீழ் வேலூரிலும் நர்ஸிங்குக்குப் பட்டப்படிப்பு ஆரம்பமாயிற்று. மாணவியை முதலில் மாணவியாக நடத்துவது என்பதே அப்பட்டத்தின் பொருள்.

வேலூர்க் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரி அத்துடன் மற்றொரு காரியமும் செய்தது. கல்லூரியில் பாடம் சொல்பவர் வார்டின் பொறுப்பையும் ஏற்கும்படி, கல்வியையும் சேவையையும் ஒன்றாகப் பிணைத்தது. மூச்சை எண்ணச் சொன்னவரே வார்டுக்கும் பொறுப்பாளியாயிருந்தால், “இருபதுன்னு போடு” என்ற பாடத்துக்கு இடமேது?

கோயமுத்தூருக்கு இது ஏன் இயலாது? சென்னை மாகாணத்தில் நர்ஸுகள், மருத்துவச்சிகள் சட்டம் பிறந்த அதே 1926-ல், பீளமேட்டில் பூ. சா. கோவிந்தசாமி நாயுடுவின் குமாரர் நால்வர் குடும்பச் சொத்தை ஐந்தாகப் பிரித்து, ஐந்தாவது பங்கைத் தர்மத்துக்கு வைத்தார்கள். அத்தர்ம ஸ்தாபனத்தின் நர்ஸிங் கல்லூரி 1994 முதல் நடக்கிறது. 1952-ல் ஜி. குப்புசாமி நாயுடு ஞாபகார்த்த ஆஸ்பத்திரி, 1966-ல் சர்க்கார் மருத்துவக் கல்லூரி, பிறகு ராமகிருஷ்ணா, கோவை மெடிகல் சென்டர் என்று, பஞ்சாலை நகரம் ஆஸ்பத்திரி நகரமாகவும் வளர்ந்திருக்கிறது. பல்லடம், தாராபுரம், சத்தியமங்கலத்திலிருந்தும், பாலக்காட்டுக் கணவாய்க்கு அப்பாலிருந்தும் நோயாளிகள் வருகிறார்கள். பொருளுக்குக் குறைவில்லை, கட்டில்களுக்கும் குறைவில்லை.

பாஷையைப் பற்றியும் ஒரு வார்த்தை. முதற் பருவத்திலேயே ஆங்கிலப் பேச்சு ஒரு பாடம். அதை நாம் ஆக்ஷேபிக்கவில்லை. மருந்தின் பெயரும் குறிப்பேடும் ஆங்கிலத்தில் இருக்கின்றன, பிற தேசத்து உத்தியோகத்துக்கும் அது வேண்டும். ஆனால் காங்கயத்துக் குடியானவர், “கிறுகிறுங்குதுங், நெஞ்சைக் கரிக்குதுங்” என்று சொல்லும்போது, மலையாள நாட்டிலிருந்து வந்த பெண்ணுக்கு மட்டுமல்ல, சென்னையில் வளர்ந்த தமிழ்ப் பெண்ணுக்கும் சற்றுத் திகைப்புண்டாகும். மயக்கமா, பலவீனமா, மாரடைப்பின் முன்னறிகுறியா என்று விசாரிக்கத் தெரிய வேண்டும். இந்த ஜில்லாவைச் சேர்ந்த தி. சு. அவினாசிலிங்கம் அவர்கள் கல்வி மந்திரியாயிருந்து, சாஸ்திரங்களைத் தமிழில் சொல்லப் பத்துத் தொகுதிக் கலைக்களஞ்சியத்துக்கு அடிகோலினார். அவர் ஊரில், நோயாளியின் பேச்சைக் கற்பிக்க வாரம் ஒரு மணி ஒதுக்குவது மிகையாகாது.

ஓர் எச்சரிக்கையும் அவசியம். கடைசிப் பருவத்தின் 22 வாரங்களைக் கண்டதும், ஆஸ்பத்திரி நடத்துவோருக்குச் சம்பளமில்லாத நர்ஸுகள் கிடைத்துவிட்டார்கள் என்ற ஆசை எழக்கூடும். ஆளில்லாத இரவுப் பணிக்கெல்லாம் மாணவிகளை இட்டு நிரப்பினால், அது 1871-க்குத் திரும்புவதாகும். பணத்தைக் கட்டிவிட்டு வேலையையும் செய்ய வேண்டியிருப்பதால், இன்னும் மோசமென்றே சொல்லலாம்.

1947-ம் வருஷத்து நர்ஸிங் கவுன்ஸில் சட்டத்தின் இடத்தில் புதிய கமிஷனை ஏற்படுத்த 2023-ல் பார்லிமெண்டு சட்டம் செய்திருக்கிறது. அதே வருஷத்து மத்திய பட்ஜெட்டில் 157 புதிய நர்ஸிங் கல்லூரிகள் அறிவிக்கப்பட்டன. கல்லூரியின் எண்ணிக்கையைப் பற்றிச் சட்டசபையில் பேசும் நண்பர்கள், வார்டில் நிற்கும் ஆசிரியரின் எண்ணிக்கையையும் கேட்க வேண்டும். பட்டம் வழங்கும் தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவ சர்வகலாசாலை, சோதனைக்கு வரும்போது கட்டிட அளவையும் நூலகத்தையும் மட்டும் பார்க்காமல், முன்னறிவிப்பின்றி ஒரு வார்டுக்குள் நுழைந்து, அங்குள்ள பத்து மாணவிகளின் ஆசிரியர் யார் என்று விசாரிக்கலாம். கோயமுத்தூர்க் கல்லூரிகள் அதற்குக் காத்திராமல், அடுத்த பருவத்திலேயே தலைக்கு ஒரு வார்டை எடுத்துக்கொண்டு, அதன் பொறுப்பைப் பாடம் சொல்லும் ஆசிரியையிடமே விட்டுப் பார்க்கலாம். இதற்குக் கூடுதலாக ஓரிரு ஆசிரியைகளின் சம்பளம் வேண்டியிருக்கும். ஆறு மாதம் கழித்து, அந்த வார்டின் குறிப்பேட்டையும் அடுத்த வார்டின் குறிப்பேட்டையும் அருகருகே வைத்து, 20 என்ற எண் எதில் எத்தனை தடவை வருகிறதென்று பார்க்கட்டும்.