கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும் பாட்டரிப் பை!

ஒரு காலத்தில் பெண்கள் பிரயாணம் கிளம்பினால், ஒரு சீப்பு, ஒரு பவுடர் டப்பா, சாந்துப் பொட்டு, சின்ன சீசாவில் தேங்காய் எண்ணெய், இவ்வளவுதான் அலங்கார சாமான். இப்போது நம் வீட்டு அலமாரியைத் திறந்து பாருங்கள்! வீட்டுக்காரருக்கு ட்ரிம்மர், பெண்ணுக்கு ஹேர் ஸ்ட்ரெய்ட்னர், பையனுக்கு எலெக்ட்ரிக் டூத் பிரஷ், கைக்குழந்தைக்காரிக்கு பிரெஸ்ட் பம்ப், மாமனாருக்குக் காது மிஷின். எல்லாமே சார்ஜ் போட்டு வைத்தால் ஒயர் இல்லாமல் ஓடுகிறவை. போதாக்குறைக்கு, இவற்றுக்கெல்லாம் தீனி போட ஒரு பவர் பாங்க் வேறு.

ரயிலில் போனால் இவற்றை எந்தப் பையில் திணித்தாலும் யாரும் ஏனென்று கேட்பதில்லை. ஆகாய விமானத்தில் அப்படி இல்லை. எது நம் கையோடு வர வேண்டும், எது பெரிய பெட்டியில் போகலாம் என்று கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கு எதற்காக என்று தெரிந்துகொண்டால் மூட்டை கட்டுவது ரொம்ப சுலபம். அதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

சமீபத்தில் என் அக்கா பெண் ஏழு மாதக் குழந்தையோடு சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு, கணவனிடம் கிளம்பினாள். பெட்டி கட்ட ஒத்தாசைக்கு நான் போயிருந்தேன். "சித்தி, கையில குழந்தை இருக்கு, டயபர் பை இருக்கு. இந்த சார்ஜ் சாமான் எல்லாத்தையும் பெரிய பெட்டியிலயே போட்டுடலாமே, கை வீசிண்டு போகலாம்" என்றாள். எந்தத் தாய்க்கும் தோன்றுகிற நியாயமான யோசனைதான். ஆனால் விமான விதி இதற்கு நேர் எதிராக இருக்கிறது. கை கனத்தாலும் பரவாயில்லை, பாட்டரி சாமான் கையோடு வர வேண்டும் என்கிறது. ஏன்?

பாட்டரிக்குள் என்ன இருக்கிறது?

இந்தச் சாதனங்களில் பெரும்பாலும் இருப்பது லித்தியம் அயான் பாட்டரி. 1991-ல் கடைக்கு வந்தது. இதைக் கண்டுபிடித்து வளர்த்த மூன்று விஞ்ஞானிகளுக்கு 2019-ல் நோபல் பரிசு கிடைத்தது. சின்ன உடம்பில் நிறைய சக்தியைச் சேர்த்து வைத்துக்கொள்ளும் கெட்டிக்கார பாட்டரி.

அதன் உள்ளே இரண்டு தகடுகளுக்கு நடுவே மெல்லிய தடுப்பு ஒன்று இருக்கிறது. சுற்றிலும் தீப்பிடிக்கக் கூடிய திரவம். கீழே விழுந்தோ, நசுங்கியோ, தயாரிப்பில் குறை இருந்தோ, அந்தத் தடுப்பு கிழிந்தால் உள்ளேயே ஷார்ட் ஆகி சூடு கிளம்பும். அந்தச் சூடே இன்னும் சூட்டைக் கிளப்பும். பால் பொங்குகிற மாதிரிதான். நிமிஷ நேரத்தில் புகை, பிறகு நெருப்பு. மேல் ஜுவாலையை அணைத்தாலும் உள்சூடு ஆறாவிட்டால் மறுபடி பற்றிக்கொள்ளும். தண்ணீர் விட்டுக் குளிரவைக்க வேண்டும்.

இப்போது யோசித்துப் பாருங்கள். இது பிரயாணிகள் உட்காரும் இடத்தில் நடந்தால், புகை வந்த உடனே யாராவது பார்த்துவிடுவார்கள். பணிப்பெண்கள் தீயணைப்பானோடும் தண்ணீரோடும் ஓடி வருவார்கள். அதற்கு அவர்களுக்குப் பயிற்சி உண்டு. பெரிய பெட்டிகள் போகும் அடித்தளத்தில் நடந்தால்? நடுவானில் அங்கே போய்ப் பெட்டியைத் திறக்க யாருக்கும் வழியில்லை. அடுப்பில் பாலை வைத்துவிட்டு வீட்டைப் பூட்டிக்கொண்டு போவோமா? அதே நியாயம்தான். நெருப்பாகக் கூடிய பொருள் கண்ணுக்குத் தெரிந்து, கைக்கு எட்டி இருக்க வேண்டும்.

நடந்தவை

வெறும் பயமுறுத்தல் இல்லை இது. 2010 செப்டம்பர் 3-ம் தேதி துபாயிலிருந்து கிளம்பிய சரக்கு விமானம் ஒன்றில், ஏராளமான லித்தியம் பாட்டரிகள் இருந்த சரக்கில் தீப்பிடித்து விமானமே விழுந்தது. இரண்டு விமானிகளும் மாண்டார்கள். 2016 ஏப்ரல் 1 முதல் பிரயாணி விமானங்களில் தனி லித்தியம் அயான் பாட்டரிகளைச் சரக்காக ஏற்றக் கூடாது என்று சர்வதேச விதி வந்துவிட்டது.

நம் மாதிரி அலங்கார சாமான் கட்டுகிறவர்கள் கவனிக்க வேண்டிய பரிசோதனை ஒன்று உண்டு. அமெரிக்க விமானத் துறையினர் 2017-ல் அதன் முடிவை வெளியிட்டார்கள். ஒரு பெட்டிக்குள் லேப்டாப்பின் பாட்டரியை வேண்டுமென்றே சூடாக்கினார்கள். பக்கத்தில் தலைக்கு அடிக்கும் ட்ரை ஷாம்பூ ஸ்பிரே டப்பா ஒன்று. 40 வினாடிக்குள் டப்பா வெடித்தது! அடித்தளத்தில் தீயை அடக்கும் வாயு உண்டுதான். ஆனால் அது வேலை செய்வதற்குள் இப்படிப்பட்ட வெடிப்பு முந்திக்கொள்ளும் என்று சொன்னார்கள். ஸ்பிரேயும் பாட்டரி சாதனமும் ஒரே பெட்டியில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கக் கூடாது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

2025 ஜனவரி 28-ல் தென் கொரியாவின் பூசான் நகரில் கிளம்பத் தயாராக நின்ற ஏர் பூசான் விமானம் எரிந்தது. உள்ளே இருந்த 176 பேரும் தப்பித்தார்கள். இருக்கைக்கு மேலே சாமான் வைக்கும் தட்டில் இருந்த பவர் பாங்க் காரணமாக இருக்கலாம் என்றது விசாரணைக் குழு. அந்த மார்ச் மாதத்திலிருந்தே பவர் பாங்கை மேல் தட்டில் வைக்கக் கூடாது என்று அந்த நாட்டில் விதி போட்டார்கள்.

எது எங்கே?

அக்கா பெண்ணின் சாமான்களைக் கட்டிலில் பரப்பி, மூன்று குவியலாகப் பிரித்தோம்.

முதல் குவியல், கட்டாயம் கையோடு வர வேண்டியவை: பவர் பாங்க், சாதனத்திலிருந்து கழற்றிய பாட்டரி, மாற்று பாட்டரி. இவற்றைப் பெரிய பெட்டியில் வைக்கவே கூடாது. காது மிஷினை வைத்து சார்ஜ் செய்யும் டப்பாவுக்குள்ளேயே சிலவற்றில் பாட்டரி இருக்கிறது. அதையும் பவர் பாங்க் மாதிரியே நினைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, கையோடு வருவது நல்லது என்கிறவை: ட்ரிம்மர், ஷேவர், எபிலேட்டர், எலெக்ட்ரிக் டூத் பிரஷ், பிரெஸ்ட் பம்ப், குழந்தையின் நகம் தேய்க்கும் மிஷின், பால் சூடாக்கும் சார்ஜ் டம்ளர். பாட்டரி உள்ளேயே பொருத்தியிருக்கும் இவற்றை, இடமே இல்லையென்றால், முழுக்க அணைத்து, தானாக ஓடாதபடியும் நசுங்காதபடியும் பாதுகாத்துப் பெரிய பெட்டியில் வைக்கப் பொதுவான விதி அனுமதிக்கிறது. ஆனாலும் கைப்பைதான் உசிதம். பெட்டி ஒருநாள் தாமதமாக வந்து சேர்ந்தால்கூட பம்ப் இல்லாமல் தாய் தவிக்க வேண்டாம் பாருங்கள்.

மூன்றாவது, பெரிய பெட்டிக்கே போகலாம் என்கிறவை: பாட்டரியே இல்லாமல் பிளக்கில் செருகி ஓடும் ஹேர் டிரையர், பாட்டரி இல்லாத சார்ஜர், ஒயர், தலைமுடி ஸ்பிரே, கத்தரிக்கோல், தனி பிளேடு.

ஒயர் இல்லாத ஹேர் ஸ்ட்ரெய்ட்னர், கர்லர் விஷயத்தில் மட்டும் கூடுதல் ஜாக்கிரதை வேண்டும். பாட்டரியும் சூடும் ஒன்றாக இருக்கும் சாமான் அது. கழற்ற முடியாத பாட்டரி உள்ளதைச் சில விமானக் கம்பெனிகள் ஏற்பதே இல்லை. முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். பதிலாக ஒயர் வைத்ததையே எடுத்துப் போனால் தொல்லையே கிடையாது.

ஒரு சின்னக் கணக்கு

பாட்டரியின் அளவை 'வாட் அவர்' என்று சொல்கிறார்கள். 100 வாட் அவர் வரை பொதுவாகத் தனி அனுமதி தேவையில்லை. 100-க்கு மேல் 160 வரை விமானக் கம்பெனியின் சம்மதம் வேண்டும். 160-க்கு மேல் பிரயாணி கொண்டுபோகவே முடியாது.

பவர் பாங்கில் 10,000, 20,000 என்று 'மில்லி ஆம்பியர் அவர்' போட்டிருக்கும். அதை 1,000-ஆல் வகுத்து, பாட்டரியின் வோல்ட்டால் (பெரும்பாலும் 3.7) பெருக்குங்கள். 10,000 என்றால் 37 வாட் அவர். 20,000 என்றால் 74. 27,000 என்றால் கிட்டத்தட்ட 100, அதுதான் எல்லை. அக்கா பெண் வீட்டு ட்ரிம்மரில் 600 என்று இருந்தது. கணக்குப் போட்டால் இரண்டே கால் வாட் அவர்கூட இல்லை. ஆகவே ட்ரிம்மரும் டூத் பிரஷும் அளவில் ஒரு நாளும் மாட்டாது. பார்க்க வேண்டியது பவர் பாங்கைத்தான். எழுத்து அழிந்து அளவே தெரியாத பவர் பாங்கைப் பாதுகாப்புச் சோதனையில் பறித்துக்கொள்ளவும் கூடும்.

ஒரே துணிப்பை

இவற்றையெல்லாம் கைப்பையின் மூலை முடுக்குகளில் சொருகாமல், தனியாக ஒரு துணிப்பையில் போட்டு, அதைக் கைப்பையின் மேல்பக்கம் வையுங்கள். இதில் இரண்டு சௌகரியம். பாதுகாப்புச் சோதனையில் மின்சாதனங்களை எடுத்துத் தட்டில் வைக்கச் சொல்வார்கள். இடுப்பில் குழந்தையோடு நாம் எதையும் துழாவ வேண்டாம். ஒரே தூக்கில் எடுத்து வைத்துவிடலாம்.

இரண்டாவதுதான் முக்கியம். சில சமயம் மேலே இடமில்லை என்று, விமானத்தில் ஏறுகிற வாசலிலேயே கைப்பெட்டியை வாங்கி அடித்தளத்துக்கு அனுப்பிவிடுவார்கள். அந்த அவசரத்தில் உள்ளே பவர் பாங்க் இருப்பது பலருக்கு ஞாபகம் வருவதில்லை. துணிப்பை இருந்தால், "இருங்க, இதை எடுத்துண்டுடறேன்" என்று எடுத்துக்கொண்டு பெட்டியைக் கொடுத்துவிடலாம்.

பையில் போடும்போது கவனிக்க வேண்டியவை:

மாற்று பாட்டரியின் முனைகளில் டேப் ஒட்டுங்கள், அல்லது ஒவ்வொன்றையும் தனித்தனி பிளாஸ்டிக் உறையில் போடுங்கள். சாவி, சில்லறை, கொண்டை ஊசியோடு சேர்த்துப் போட்டால் முனைகள் உரசி ஷார்ட் ஆகும்.

டூத் பிரஷ், ட்ரிம்மர் பலவற்றில் 'டிராவல் லாக்' வசதி இருக்கிறது. சாதனத்தோடு வந்த தாளைப் பார்த்துப் பூட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் மூடி போட்டு, பட்டன் அழுந்தாதபடி ஒரு சின்னத் துண்டில் சுற்றுங்கள்.

ஓரளவு சார்ஜ் இருக்கட்டும். சில விமான நிலையங்களில் போட்டுக் காட்டச் சொல்வது உண்டு.

வயிறு உப்பின, விரிசல் விட்ட, தொட்டால் சுடுகிற பாட்டரி எதுவும் விமானம் ஏறக் கூடாது. "நல்லாத்தானே ஓடறது" என்று சொல்லாதீர்கள். வீட்டிலேயும் அது இருக்கக் கூடாத சாமான்தான்.

ஏறி உட்கார்ந்த பிறகு

பவர் பாங்க் விஷயத்தில் இப்போது கெடுபிடி அதிகம். 2025 ஏப்ரல் 1 முதல் சிங்கப்பூர் ஏர்லைன்ஸில், பறக்கும்போது பவர் பாங்கால் போனை சார்ஜ் செய்வதும், பவர் பாங்கையே சார்ஜ் போடுவதும் கூடாது. எமிரேட்ஸ் 2025 அக்டோபர் 1 முதல் ஆளுக்கு ஒன்றுதான் அனுமதிக்கிறது. விமானத்தில் உபயோகிக்கக் கூடாது, மேல் தட்டிலும் வைக்கக் கூடாது. கம்பெனிக்குக் கம்பெனி விதி வேறு. அடிக்கடி மாறவும் மாறுகிறது. டிக்கெட்டோடு வரும் குறிப்பைக் கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு ஒரு தடவை படித்துவிடுங்கள். எந்த விமானமானாலும், துணிப்பை முன் இருக்கைக்கு அடியில், நம் காலடியில் இருக்கட்டும்.

ஏதாவது சுட்டாலோ, கருகல் வாசனை வந்தாலோ வெட்கப்படாமல் உடனே பணிப்பெண்ணைக் கூப்பிடுங்கள். சுடும் சாதனத்தைக் கையில் எடுக்க வேண்டாம், போர்வையால் மூடவும் வேண்டாம். போன் இருக்கை இடுக்கில் விழுந்துவிட்டால் இருக்கையை முன்னும் பின்னும் நகர்த்தாதீர்கள். போன் நசுங்கினால் அதுவே வம்பு. எடுத்துத் தரச் சொல்லுங்கள்.

போய் இறங்கியதும்

சார்ஜரின் முதுகில் '100-240 வோல்ட்' என்றிருந்தால் எந்த நாட்டிலும் ஓடும். முனை மட்டும் மாறும். சிங்கப்பூரில் நம் ஊர் மாதிரியே 230 வோல்ட்தான், ஆனால் பிளக்கில் மூன்று சதுரக் கால். அதற்கான அடாப்டரை வாங்கி வைத்துக்கொண்டால் போதும். அமெரிக்காவில் 120 வோல்ட் என்பதால் நம் ஊர் ஹேர் டிரையர் அங்கே சரியாக ஓடாது. சுமந்துகொண்டு போகாதீர்கள். எங்கே சார்ஜ் போட்டாலும் மெத்தை மேலும் தலையணை அடியிலும் வேண்டாம். குழந்தை தூங்கும் கட்டிலில் கூடவே கூடாது.

வெளிநாட்டிலிருக்கும் பெண்ணுக்குப் பிரசவம் பார்க்க, முதல் தடவையாக விமானம் ஏறும் அம்மாக்களும் மாமியார்களும் இன்று எத்தனையோ பேர். ஊறுகாயையும் பிரசவ லேகியத்தையும் எப்படிக் கட்டுவது என்று அவர்களுக்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. இந்தத் துணிப்பை விஷயத்தை மட்டும் அவர்கள் காதில் போட்டு வையுங்கள். பழைய ரவிக்கைத் துணியில் அரை மணி நேரத்தில் தைத்துவிடலாம். வாயில் ஒரு நாடா கோத்துவிட்டால் மணிக்கட்டிலும் மாட்டிக்கொள்ளலாம். குழந்தையைத் தூக்க இரண்டு கையும் அப்போது காலியாகத்தான் இருக்கும்.