உப்புக் காற்றும் காரின் ரப்பர் மூட்டும்

இராமநாதபுரத்திலிருந்து இராமேசுவரம் நோக்கி ஒரு பழைய அம்பாசிடர் கார் போய்க்கொண்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். தூரம் சுமார் 55 கிலோமீட்டர். மண்டபத்தைத் தாண்டிப் பாம்பன் சாலைப் பாலத்தில் ஏறியதும் இடப்புறம் பாக் விரிகுடா, வலப்புறம் மன்னார் வளைகுடா. பாலத்தின் இணைப்புகளைச் சக்கரங்கள் கடக்கும்போதெல்லாம் முன்பக்கத்தில் 'டொக், டொக்' என்று ஓர் ஒலி கேட்கிறது. பிரேக்கை மிதித்தால் கார் ஒரு பக்கமாக இழுக்கிறது. பக்கவாட்டில் காற்று வீசும்போது ஸ்டீயரிங்கை இறுகப் பிடிக்க வேண்டியிருக்கிறது. முன் டயர்களின் உள்விளிம்பு மட்டும் மொழுமொழுவென்று தேய்ந்துவிட்டது. அனுபவமுள்ள ஓட்டுநர் இதற்காக நெடுநேரம் யோசிப்பதில்லை. "புஷ் போய்விட்டது" என்கிறார்.

புஷ் என்பது யாது? அது ஏன் போகிறது? மதுரையில் ஓடும் காரைவிட இராமேசுவரத்தில் ஓடும் காருக்கு ஏன் விரைவில் போகிறது? இவற்றை அறிந்தால்தான் அதை முறைப்படி மாற்றவும் முடியும்.

காரின் உடலும் சக்கரமும் நேரடியாகப் பிணைக்கப்படுவதில்லை. அப்படிப் பிணைத்தால் ஒவ்வொரு பள்ளத்தின் அதிர்ச்சியும் நம் முதுகெலும்பிலேயே வந்து முடியும். எனவே சக்கரம் மேலும் கீழும் அசைய இடமளித்து, ஆனால் முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் நகராதபடி பிடித்துக்கொள்ளும் ஓர் அமைப்பு இடையே தேவைப்படுகிறது. பட்டறைகளில் சஸ்பென்ஷன் எனப்படுவது இதுவே. பாரத்தைத் தாங்குவது வில்லின் வேலை. சக்கரத்தை அதன் பாதையில் பிடித்து வைப்பது 'ஆர்ம்' எனப்படும் எஃகுக் கைகளின் வேலை.

1950-களின் இறுதியில் தொடங்கி 2014 வரை உத்தர்பாராவில் தயாரான அம்பாசிடரில் முன்பக்க வில்லாக அமைவது நீண்ட எஃகுத் தண்டு ஒன்று. சக்கரம் மேலே எழும்போது கை அந்தத் தண்டை முறுக்குகிறது. முறுக்கிய தண்டு திரும்ப முயன்று சக்கரத்தைக் கீழே தள்ளுகிறது. பிரீமியர் பத்மினியிலும் அதற்கு முந்திய ஃபியட் 1100-இலும் மேலொன்று கீழொன்றாக இரண்டு கைகளும் ஒரு சுருள்வில்லும் உண்டு. மாருதி 800-இல் கீழ்க்கை மட்டுமே. மேல் கையின் வேலையை ஷாக் அப்சார்பர் தூணே பார்த்துக்கொள்கிறது. ஏற்பாடு எதுவாயினும், கை உடலோடு சேரும் உள்முனையில் ஒரு புஷ் இருக்கும்.

தேய்வதற்கு எதுவுமில்லாத மூட்டு

கதவின் கீலில் ஓர் உலோகம் மற்றோர் உலோகத்தின் மேல் உரசிச் சுழல்கிறது. ஆகவே அதற்கு எண்ணெய் தேவை. காலப்போக்கில் தேய்மானமும் உண்டு. ரப்பர் புஷ் அப்படிப்பட்டதன்று. சிறிய எஃகுக் குழாய் ஒன்று உள்ளே. பெரிய குழாய் ஒன்று வெளியே. இரண்டுக்கும் நடுவில் ரப்பர். ரப்பர் இரு குழாய்களோடும் இறுக ஒட்டியிருக்கும். உள்குழாயின் வழியே செல்லும் போல்ட் அதைக் காரின் சட்டத்தோடு அசையாதபடி இறுக்கிவிடுகிறது. வெளிக்குழாய் கையோடு சேர்ந்தது. கை மேலும் கீழும் ஆடும்போது எதுவும் எதன் மேலும் வழுக்குவதில்லை. நடுவிலுள்ள ரப்பர் முறுக்கிக்கொள்கிறது, அவ்வளவே.

மாணவர்கள் இதை எளிதில் சோதித்துப் பார்க்கலாம். பழைய ஹவாய் செருப்பிலிருந்து ஒரு துண்டு வெட்டி, அதன் இரு முகங்களிலும் சிறு மரக்கட்டைகளை நல்ல பசையால் ஒட்டுங்கள். ஒரு கட்டையைப் பிடித்துக்கொண்டு மற்றதைத் திருப்பினால் ரப்பர் வளைந்து கொடுக்கும். விட்டால் பழைய நிலைக்குத் திரும்பும். சிறிதளவு திருப்பும் வரை எத்தனை முறை செய்தாலும் கேடில்லை. மிகையாகத் திருப்பினால் ஒட்டிய இடத்தில் பிளவு தோன்றும். புஷ்ஷின் வாழ்வும் முடிவும் இதற்குள் அடங்கிவிட்டன எனலாம்.

ஒட்டு விட்ட புஷ்ஷில் கை சில மில்லிமீட்டர் தளர்ந்து ஆடும். சில மில்லிமீட்டர்தானே என்று எண்ணிவிடக் கூடாது. அந்தத் தளர்ச்சியால் ஒரு சக்கரம் தான் செல்ல வேண்டிய திசையிலிருந்து அரைப் பாகை மட்டும் விலகி நிற்பதாகக் கொள்வோம். அப்போது அது ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் சுமார் 9 மீட்டர் பக்கவாட்டில் தேய்க்கப்படுகிறது. இராமநாதபுரத்திலிருந்து இராமேசுவரம் போய்ச் சேருவதற்குள் ஏறக்குறைய அரைக் கிலோமீட்டர்! டயரின் உள்விளிம்பு ஏன் வழுக்கையாகிறது என்பது இப்போது விளங்கும். டயரின் விலையோடு ஒப்பிட்டால் புஷ்ஷின் விலை மிகச் சொற்பம்.

உப்பு செய்யும் வேலை

உள்நாட்டு ஊர்களில் முதலில் கெடுவது பெரும்பாலும் ரப்பர்தான். வெப்பமும், காற்றிலுள்ள ஓசோனும், பள்ளங்களும் சேர்ந்து அதை வெடிக்கச் செய்கின்றன. இந்தக் கடற்கரையிலோ ரப்பர் நன்றாயிருக்கும்போதே அதைச் சுற்றியுள்ள எஃகு கெட்டுப்போகிறது.

கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு கரைந்துள்ளது. அலை உடையும்போது எழும் நுண்துளிகளைக் காற்று ஏந்திச் செல்கிறது. நீர் ஆவியானாலும் உப்பு மிஞ்சிக் காரின் அடிப்பகுதியில் படிகிறது. படிந்த உப்பு சும்மா கிடப்பதில்லை. காற்றின் ஈரப்பதம் சுமார் 75 விழுக்காட்டைத் தாண்டினால் சோடியம் குளோரைடு தானே நீரை உறிஞ்சிக் கரைகிறது. கடலுப்பில் கலந்துள்ள மெக்னீசியம் குளோரைடு இன்னும் பேராசை பிடித்தது. 33 விழுக்காடு ஈரப்பதமே அதற்குப் போதும். மழைக்காலத்தில் அடுக்களை உப்பு ஜாடி நீர்விட்டுக்கொள்வது இதனால்தான். மாரியூர், வாலிநோக்கம் உப்பளத் தொழிலாளர்களுக்கு இது புதிய செய்தியன்று. ஆக, மழையே இல்லாத நாளிலும், கொட்டகையில் ஓடாமல் நிற்கும் காரின் அடியிலும் ஒரு மெல்லிய உப்புநீர்ப் படலம் இருந்துகொண்டே இருக்கிறது. இரும்பு துருப்பிடிக்க வேறென்ன வேண்டும்?

இதில் கவனிக்கத்தக்க நுட்பம் ஒன்று உண்டு. திறந்த பரப்பைவிட இடுக்கில்தான் அரிப்பு கொடியது. போல்டுக்கும் புஷ்ஷின் உள்குழாய்க்கும் நடுவில் மயிரிழை இடைவெளி இருக்கிறது. உப்புநீர் நுண்புழை ஏற்றத்தால் அதற்குள் புகுந்துவிடும். புகுந்தபின் வெளியேற வழியில்லை. உள்ளே ஆக்சிசன் குறைவு, வெளியே மிகுதி. இந்த வேறுபாடே ஒரு சிறு மின்கலம் போலச் செயல்பட்டு, ஆக்சிசன் குறைந்த உட்பகுதி இரும்பைக் கரைக்கிறது. குளோரைடு அயனிகள் அங்கே திரண்டு நீரை அமிலமாக்குகின்றன. உருவாகும் துரு, தான் தின்ற இரும்பைப்போல் இரு மடங்குக்கும் மேற்பட்ட இடத்தை அடைப்பதால் போல்டும் குழாயும் ஒரே துண்டாக இறுகிப்போகின்றன. வெளிக்குழாயிலும் துரு கிளம்பினால், ரப்பர் ஒட்டியிருந்த பரப்பே செதில் செதிலாகப் பெயர்கிறது. ரப்பருக்குப் பிடிமானம் போய்விட்டது!

பாம்பனின் உப்புக் காற்று காருக்கு மட்டும் பகையன்று. காரைக்குடியில் 1953-இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வுக்கூடம், உலோகத் தகடுகளையும் வண்ணப் பூச்சுகளையும் திறந்த வெளியில் வைத்துச் சோதிக்க மண்டபம் முகாமில் ஒரு நிலையம் அமைத்ததற்குக் காரணம் இந்தக் காற்றே. 1914-இல் திறக்கப்பட்ட பழைய ரயில் பாலத்தில் துருவோடு நடந்த போராட்டம் ஓய்ந்ததே இல்லை. 2022 டிசம்பரில் அதில் ரயில் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாலத்தில் துருப்பிடியா எஃகுக் கம்பிகளையும், பாலிசிலாக்சேன் என்னும் சிறப்புப் பூச்சையும், முழுதும் பற்றவைத்த இணைப்புகளையும் பயன்படுத்தியிருக்கிறார்கள். பற்றவைத்த இணைப்பில் உப்புநீர் ஒளிந்துகொள்ள இடுக்கு இல்லை. காரின் கையையோ பற்றவைத்துவிட முடியாது. அது ஆடியாக வேண்டும். அந்த இடுக்கு இருந்தே தீரும்.

கழற்றுதல்

முதலில் எச்சரிக்கை. பத்மினியின் சுருள்வில், அம்பாசிடரின் முறுக்குத் தண்டு இரண்டுமே ஆற்றலைச் சேமித்து வைத்திருப்பவை. 3,000 நியூட்டன் விசையில் 15 சென்டிமீட்டர் அமுங்கி நிற்கும் ஒரு வில்லில் 225 ஜூல் ஆற்றல் இருக்கும். 10 கிலோ கல் ஒன்று இரண்டேகால் மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்கு அது சமம். அதற்குரிய கருவியால் வில்லை அடக்காமலும், தண்டின் முறுக்கைத் தளர்த்தாமலும் கையைக் கழற்றுவது உயிருக்கே ஆபத்து. வெறும் ஜாக்கியை நம்பிக் காரின் அடியில் படுப்பதும் அப்படியே. உறுதியான தாங்கிகள் வேண்டும். இவ்வேலை பயிற்சி பெற்றவர் கையில் நடக்க வேண்டியது. என்ன நடக்கிறது என்று தெரிந்து அருகில் நிற்பதே நம்மில் பெரும்பாலோருக்குப் போதும்.

நட்டு கழன்றாலும் போல்ட் வராது என்பதே இந்தக் கரையில் வழக்கம். துரு இளக்கும் எண்ணெயை முந்தின நாளே விட்டு ஊறவைப்பார்கள். அதற்கும் மசியாவிட்டால், கைக்கும் சட்டத்துக்கும் நடுவில் ஹாக்ஸாவை நுழைத்துப் போல்டை இருபுறமும் அறுத்துவிடுவதே நல்லது. சம்மட்டியால் அடித்து அடித்துச் சட்டத்தின் காதை வளைத்துவிட்டால் சக்கரத்தின் கோணம் என்றைக்குமே சரிவராது. புஷ்ஷைத் தீயிட்டு எரித்து எடுக்கும் பழக்கமும் சில இடங்களில் உண்டு. அந்தப் புகை நச்சு, செய்யாதிருப்பதே மேல்.

கை வெளியே வந்ததும் கம்பித் தூரிகையால் துருவைச் சுரண்டிப் பார்க்க வேண்டும். சுத்தியலால் தட்டினால் கணீரென்று ஒலிக்கும் கைக்கு புஷ் மட்டும் மாற்றலாம். மந்தமாக ஒலித்து, தகடு தகடாகத் துரு உதிர்ந்தாலும், புஷ் இருந்த வளையம் மெலிந்திருந்தாலும் முழுக் கையையே மாற்றுவதுதான் அறிவுடைமை. அதோடு வெளிமுனையிலுள்ள பால் ஜாயின்டையும் பார்த்துவிட வேண்டும். புஷ் தளர்ந்தால் கார் தடுமாறும். பால் ஜாயின்ட் கழன்றாலோ சக்கரமே சாய்ந்துவிடும். பாம்பன் பாலத்தின் நடுவில் அது நேர்ந்தால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை.

பூட்டுவதில் ஒரு நுட்பம்

புதிய புஷ்ஷை அழுத்தப் பொறியில் வைத்து நேராக அழுத்தி ஏற்ற வேண்டும். வழுக்குவதற்குச் சோப்பு நீர் போதும். கிரீஸ் கூடாது; ஏனெனில் இயற்கை ரப்பர் கனிம எண்ணெயை உறிஞ்சி உப்பி மென்மையாகிவிடும். துருப்பிடிக்காமலிருக்க காரின் அடியில் டீசலும் கழிவு எண்ணெயும் தெளிக்கும் வழக்கம் நெடுங்காலமாக இருந்து வருகிறது. அது இரும்பைக் காக்கும், ஆனால் ரப்பரைக் கொல்லும். ஆமணக்கெண்ணெய் இயற்கை ரப்பரை அவ்வளவாகத் தாக்குவதில்லை என்பது சுவையான விதிவிலக்கு. முற்காலத்தில் பிரேக் எண்ணெயே அதிலிருந்துதான் செய்தார்கள். கிரீஸுக்கு இங்கே ஒரே ஓர் இடமுண்டு. புதிய போல்டின் தண்டுப் பகுதியில் அளவாகத் தடவினால், முன்பு உப்புநீர் குடியிருந்த மயிரிழை இடைவெளியை அது நிரப்பிவிடும். ரப்பரில் மட்டும் படக்கூடாது.

இனி, பல பட்டறைகளில் தவறவிடப்படும் செய்தி. காரைத் தூக்கி நிறுத்தி வேலை செய்யும்போது சக்கரம் கீழே தொங்கிக்கொண்டிருக்கும். அந்த நிலையிலேயே போல்டை இறுக்கிவிட்டால் ரப்பருக்கு அதுவே இயல்பு நிலை ஆகிவிடுகிறது. கையின் நீளம் 30 சென்டிமீட்டர், சக்கரம் தொங்கிய அளவு 8 சென்டிமீட்டர் என்றால், காரைத் தரையில் இறக்கியவுடன் ரப்பர் 15 பாகை முறுக்கோடு நிற்கிறது. கார் அசையாமல் நிற்கும்போதும் அதற்கு ஓய்வில்லை. ஒரு பள்ளத்தில் சக்கரம் மேலும் 5 சென்டிமீட்டர் எழும்பினால் 25 பாகை! இப்படிப் பூட்டிய புஷ் சில மாதங்களில் கிழிந்தால், "சரக்கு சரியில்லை" என்று கடைக்காரர் மேல் பழி விழுகிறது. முறையான வழி எளிது. போல்டை முதலில் கைவிசைக்கு மட்டும் திருகிவைத்து, சக்கரங்களை மாட்டிக் காரைத் தரையில் இறக்கி, முன்பக்கத்தை இரண்டு மூன்று முறை அமுக்கி ஆட்டிவிட்டு, அதன் பிறகே முழு விசையோடு இறுக்க வேண்டும். பிறகு சக்கரக் கோணங்களையும் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

பாலியூரித்தேன் புஷ்கள் இப்போது கிடைக்கின்றன. அவை நெடுநாள் உழைக்கும். ஆனால் அதிர்ச்சியை அதிகமாக உடலுக்குக் கடத்தும். பழைய காரின் மென்மையான ஓட்டத்தை விரும்புபவர் ரப்பரோடு நிற்பதே என் கருத்து. தனுஷ்கோடி சென்று திரும்பிய பின் காரின் அடிப்பகுதியை நல்ல நீரால் கழுவிவிடுவது அதைவிடப் பயன் தரும். நல்ல நீர் என்று அழுத்திச் சொல்லக் காரணம், தீவில் உவர்ப்புக் கிணறுகளும் உண்டு. அந்த நீரால் கழுவுவது உப்பை உப்பால் துடைப்பதாகும்.

கழற்றிய பழைய புஷ்ஷை எறிந்துவிடாமல் குறுக்கே அறுத்துப் பாருங்கள். ரப்பர் உறுதியாயிருந்து குழாயிலிருந்து துருவோடு பெயர்ந்திருந்தால் அது உப்பின் வேலை. ரப்பர் உப்பிக் கொழகொழத்திருந்தால் யாரோ எண்ணெய் தெளித்திருக்கிறார்கள். உள்குழாயைச் சுற்றி ரப்பர் கிழிந்து, துரு மட்டும் அதிகமில்லையென்றால், சென்ற முறை அதைப் பூட்டியபோது சக்கரம் தொங்கிக்கொண்டிருந்ததா என்று கேளுங்கள்.