கதிர்வீச்சுப் புற்றுநோய்ச் சிகிச்சையில் மருத்துவ இயற்பியலாளருக்கான உறைவிடப் பயிற்சி: தேவையும் நெறியும்

ஆய்வுச் சுருக்கம்
கதிர்வீச்சுச் சிகிச்சையில் மருத்துவ இயற்பியலாளரின் பிழை ஒரு நோயாளரோடு நிற்பதில்லை. அது கண்டறியப்படும் வரை அக்கருவியில் சிகிச்சை பெறும் அனைவரையும் பாதிக்கிறது. ஆகவே, பட்டப்படிப்புக்குப் பின் மேற்பார்வையுடன் கூடிய உறைவிடப் பயிற்சி இன்றியமையாதது என்பதை இங்கிலாந்தில் நிகழ்ந்த இரு நிகழ்வுகளின் வழி இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: மருத்துவ இயற்பியல், உறைவிடப் பயிற்சி, கதிர்வீச்சு அளவு, அளவுத்திருத்தம், தனிச் சரிபார்ப்பு.

முன்னுரை
புற்றுநோயாளருக்கு எவ்வளவு கதிர்வீச்சு, எத்தனை தவணைகளில் அளிக்கப்பட வேண்டும் என்பதை மருத்துவர் வகுக்கிறார். வகுத்த அளவே உடலைச் சென்றடைகிறது என்பதை உறுதி செய்பவர் மருத்துவ இயற்பியலாளர். நேரியல் முடுக்கியின் வெளியீட்டை அயனியாக்க அறை கொண்டு அளத்தல், கணினி வகுத்த சிகிச்சைத் திட்டத்தைச் சரிபார்த்தல், புதிய கருவியை ஆய்ந்து பயன்பாட்டுக்குக் கொணர்தல் ஆகியன அவர்தம் பணிகள். அளவு குறைந்தால் கட்டி மீண்டும் வளரக்கூடும். மிகுந்தால் நலமான திசுக்கள் சிதையும்.

இரு நிகழ்வுகள்
1988-ஆம் ஆண்டு எக்சிட்டர் நகர மருத்துவமனையில் புதிய கோபால்ட் மூலம் பொருத்தப்பட்டது. அதன் அளவுத்திருத்தத்தில் நேர்ந்த பிழையால் ஏறத்தாழ 200 நோயாளர் 25 விழுக்காடு மிகுதியான கதிர்வீச்சைப் பெற்றனர். மற்றொருவர் தனியே அளந்து ஒப்பிட்டிருப்பின் பிழை முதல் நாளிலேயே புலப்பட்டிருக்கும்.

ஸ்டோக்-ஆன்-ட்ரென்ட் நகரில் நிகழ்ந்தது வேறு வகையினது. அங்கு 1982-இல் கணினித் திட்டமிடல் முறை அறிமுகமானது. கதிர் மூலத்துக்கும் நோயாளருக்கும் இடையிலான தொலைவுக்குரிய திருத்தத்தைக் கணினியே செய்துவந்தது. பழைய வழக்கப்படி பணியாளர்களும் அதே திருத்தத்தைக் கையால் செய்தனர். 1991 வரை நீடித்த இவ்விரட்டைத் திருத்தத்தால் ஏறத்தாழ 1,000 நோயாளர் உரிய அளவினும் 5 முதல் 30 விழுக்காடு வரை குறைவாகப் பெற்றனர்.

இரண்டாம் நிகழ்வில் எவருடைய கணக்கும் தனியே நோக்கின் தவறன்று. இரண்டையும் சேர்த்து நோக்குவார் இலர். ஒரு துறையின் ஒவ்வொரு பணியும் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்னும் இவ்வறிவு பாடநூலில் கிடைப்பதன்று. அது மருத்துவமனையில் தங்கிப் பழகிப் பெறுவதாகும்.

பயிற்சி நெறிகள்
அமெரிக்கக் கதிரியக்கவியல் வாரியத்தின் சான்றிதழ் நெறிக்குள் 2014 தொட்டுப் புகுவோருக்கு, ஏற்பளிப்புப் பெற்ற உறைவிடப் பயிற்சி கட்டாயமாயிற்று. கதிர்வீச்சுச் சிகிச்சைப் பிரிவில் இப்பயிற்சி குறைந்தது இரண்டாண்டுக் காலத்தது. பயிற்சியாளர் அளவுத்திருத்தம், சிகிச்சைத் திட்டமிடல், அண்மைக் கதிர்வீச்சுச் சிகிச்சை, கதிர்ப் பாதுகாப்பு ஆகிய பிரிவுகளில் சுழற்சி முறையில் பணியாற்றுவர். முதலில் உடனிருந்து காண்பர். பின்னர் மேற்பார்வையில் செய்வர். திறன் மெய்ப்பிக்கப்பட்ட பின்னரே தனித்துச் செய்ய ஒப்புதல் பெறுவர்.

பன்னாட்டு அணுசக்தி முகமை 2009-இல் வெளியிட்ட பயிற்சி வழிகாட்டியும், பயிற்சியாளர் அடையும் திறன்நிலைகளை ஒவ்வொன்றாக மதிப்பிட்டுப் பதிவு செய்ய வலியுறுத்துகிறது. இந்தியாவில் பாபா அணு ஆராய்ச்சி மையம் 1962 முதல் கதிரியல் இயற்பியல் பட்டயப் படிப்பை நடத்தி வருகிறது. மருத்துவ இயற்பியல் முதுகலைப் பட்டம் பெற்றோர் ஓராண்டு உள்ளுறைப் பயிற்சி பெற வேண்டும் என்பது அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் விதியாகும்.

முடிவுரை
ஓராண்டா, ஈராண்டா என்னும் கால அளவு மட்டுமே பயிற்சியின் தரத்தைத் தீர்மானிப்பதன்று. பயிற்சியாளர் எக்கருவியைத் தாமே அளந்தார், அவ்வளவீட்டை யார் தனியே சரிபார்த்தார், எந்த ஐயத்தை எழுப்பினார் என்பன பதிவாக வேண்டும். பிறர் கணக்கையும் தம் கணக்கையும் ஒருங்கே ஐயுறும் பழக்கத்தை ஊட்டாத பயிற்சி, காலத்தால் நீண்டதாயினும் நோயாளரைக் காக்காது. பாடத்திட்டம் வகுக்கும் பல்கலைக்கழகங்களும் பயிற்சியளிக்கும் மருத்துவமனைகளும் இவ்வளவுகோலைக் கைக்கொள்ளுதல் தகும்.