எதிரி விமானம் எவ்வளவு தூரத்தில்?

இணையத்தில் 'ஐஎல்-2 ஸ்டர்மோவிக்' போன்ற வான்போர் விளையாட்டுக்குப் புதியவர்கள் பெரும்பாலும் சீக்கிரமே சுட்டுவிடுகிறார்கள். ஏன்? தட்டையான திரையில் ஆழம் தெரியாது. இரு கண்களாலும் தூரத்தை உணரும் திறன் அங்கே பயன்படாது. நிஜ வானத்திலும் சில நூறு மீட்டருக்கு அப்பால் அது பெரிதாக உதவுவதில்லை. மிஞ்சுவது ஒன்றே: உருவத்தின் அளவு.

தூரம் பாதியானால் உருவம் இரட்டிப்பாகும். 1920 பிக்சல் அகலத் திரையில் 90 பாகைக் காட்சி என்று வைத்துக்கொள்வோம். சுமார் 10 மீட்டர் இறக்கை கொண்ட ஜெர்மன் போர் விமானமான மெஸ்ஸர்ஷ்மிட் 109, ஒரு கிலோமீட்டரில் ஏறத்தாழ 10 பிக்சல்தான். 300 மீட்டரில் 32. ஜூம் செய்து காட்சியை 30 பாகையாகச் சுருக்கினால், ஒரு கிலோமீட்டரில் இருப்பதே 36 பிக்சலாக வீங்கி, கிட்டத்தில் இருப்பதாக ஏமாற்றும்.

விமானத்தின் குறிகருவியில் தெரியும் வளையத்தை நம்புவதே சரி. ஜூம் செய்தால் அதுவும் சேர்ந்தே பெரிதாகும். 100 மீட்டரில் 10 மீட்டரை அளக்கும் வளையத்தில் அந்த 109 பாதியை நிரப்பினால் தூரம் 200 மீட்டர். கால்வாசி என்றால் 400; இன்னும் நெருங்க வேண்டும்.

ஆனால் எதிரே வருவது எந்த விமானம் என்று தெரியாமல் இந்தக் கணக்கு நிற்காது. பி-17 குண்டுவீச்சு விமானத்தின் இறக்கை 31.6 மீட்டர். 900 மீட்டரில் அது, 280 மீட்டரில் உள்ள 109 அளவுக்குத் தெரியும். இரண்டாம் உலகப்போரில் ஜெர்மன் விமானிகள் பலர் அதைத் தொலைவிலேயே சுடத் தொடங்கியதும் இதனால்தான். பிரிட்டிஷ் குறிகருவியில் எதிரியின் இறக்கை அளவைத் திருகி வைக்கத் தனி வளையமே இருந்தது.