சோதனை தொடங்கும் இடம் மாந்தோப்பு

பொள்ளாச்சியிலிருந்து கோவிந்தாபுரம் வழியாகக் கேரளத்துக்குள் நுழைந்தால் முதலமடை. மற்ற ஊர்த் தோப்புகள் பூவும் பிஞ்சுமாக நிற்கும் ஜனவரியிலேயே இங்கே காய் பறிக்கத் தொடங்கிவிடுவார்கள். அல்போன்சாவும் பங்கனப்பள்ளியும் சிந்தூரமும் டெல்லி மண்டிக்கும் வளைகுடா நாடுகளுக்கும் முந்திப் போவதால்தான் இந்த ஊர் மாங்காய்க்கு அந்த விலை. சரக்கு கஸ்டம்ஸில் இரண்டு நாள் தேங்கினால் பழத்தோடு அந்த விலையும் போய்விடும்.

துபாயிலோ லண்டனிலோ பழம் இறக்குமதி செய்பவருக்கும் இதே கவலைதான். பெட்டியைப் பிரித்துப் பார்ப்பார்களா, அப்படியே விடுவார்களா? அனுப்பும் நாட்டின் பழைய கணக்கைப் பார்த்துத்தான் அதிகாரிகள் முடிவு செய்கிறார்கள். 2013-இல் இந்தியாவிலிருந்து ஐரோப்பா போன 207 காய்கனிச் சரக்குகளில் பழ ஈ முதலான பூச்சிகள் சிக்கின. விளைவு, 2014 மே 1 முதல் மாம்பழத்துக்கும் கத்தரி, பாகல், புடலை, சேம்புக்கும் தடை. ஏற்றுமதிக்கு முன்பே இங்குள்ள பேக்ஹவுஸ்களில் சோதனையை இறுக்கிய பிறகே, 2015-இல் மாம்பழத்துக்கு வழி திறந்தது.

பழ ஈ தோலுக்கடியில் முட்டையிடும். வெளியே தெரிவது ஊசி குத்திய மாதிரி ஒரு புள்ளிதான். எத்தனை அதிகாரிகள் நின்று பார்த்தாலும் கண் தப்பும். 48 டிகிரி வெந்நீரில் ஒரு மணி நேரம் பழத்தை அமிழ்த்தி வைத்தால் முட்டையும் புழுவும் செத்துவிடும். ஜப்பான் 2006-இல் நீராவிச் சூட்டை ஏற்று நம் மாம்பழத்தை அனுமதித்தது. அமெரிக்கா 2007-இல் கதிர்வீச்சை ஏற்றது. அங்கே இறங்கிய பிறகு பார்க்கவேண்டியதை, அவர்களுடைய ஆய்வாளரே இந்தியாவுக்கு வந்து பார்த்துச் சான்று தரும் ஏற்பாடு.

அதிலும் தாள் சரியாக இருக்கவேண்டும். 2025 மே மாதம் நவி மும்பையில் கதிர்வீச்சு முடித்து அனுப்பிய 15 மாம்பழச் சரக்குகளை லாஸ் ஏஞ்சலிஸ், சான் பிரான்சிஸ்கோ, அட்லாண்டா விமான நிலையங்களில் நிறுத்திவிட்டார்கள். பூச்சி காரணமில்லை, சான்றுப் படிவத்தில் கோளாறு. திருப்பி எடுத்துவரக் கட்டுப்படியாகாமல் நல்ல பழத்தை அங்கேயே அழித்தார்கள். நெஞ்சு பொறுக்காத நஷ்டம் இது.

நம் நாட்டுக் கஸ்டம்ஸும் இதே கணக்கில்தான் இயங்குகிறது. எந்தச் சரக்கைத் திறப்பது என்பதை 2005 முதல் கணினி அபாயம் பார்த்துப் பிரிக்கிறது. நம்பகமான நிறுவனம் என்று காட்டும், 2011-இல் வந்த ஏ.இ.ஓ. சான்று பெற்ற நிறுவனங்களுக்குச் சோதனை குறைவு. சென்னைத் துறைமுகத்தில் சரக்கு எடுக்கும் சிறு வியாபாரியும் இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், எச்.எஸ். எண் மூன்றையும் சப்ளையரிடம் முன்கூட்டியே வாங்கிச் சரிபார்த்து, கப்பல் வருமுன் பில் ஆஃப் என்ட்ரி போட்டுவிட்டால் பாதி அலைச்சல் மிச்சம்.

முதலமடையின் சிக்கல் இன்னும் அடியில் இருக்கிறது. தோப்பு ஒருவருடையது, பூவிலேயே குத்தகை எடுப்பவர் வேறு, மருந்தடிப்பவர் வேறொருவர். எந்த மரத்துக்கு எந்தத் தேதியில் எதை அடித்தார்கள் என்ற குறிப்பு யார் கையில் இருக்கும்? மருந்தைக் கண்டபடி அடித்தால் என்ன ஆகும் என்பது தெரிந்ததுதான்; எண்டோசல்பான் பூச்சிக்கொல்லியை உச்ச நீதிமன்றம் 2011-இல் நாடு முழுக்கத் தடுத்ததன் பின்னால் இருந்த வேதனையைக் கேரளத்துக்கு யாரும் எடுத்துச் சொல்லத் தேவையில்லை. குத்தகைப் பத்திரத்திலேயே மருந்துக் குறிப்பேட்டைக் கட்டாயமாக்கி, தோப்பை வேளாண் ஏற்றுமதி அமைப்பான அபேடாவில் பதிவு செய்யும் வேலையைப் பூ வருமுன், நவம்பருக்குள் முடிக்கலாம். பஞ்சாயத்தும் வேளாண் அலுவலகமான கிருஷி பவனும் மனது வைத்தால் அடுத்த பருவத்துக்கே இது நடக்கும்.