வயசான நாயைத் தத்தெடுக்கப் போறீங்களா? முதல்ல ஒரு நோட்டு வாங்குங்க



நாய்க் காப்பகத்துக்குப் போறவங்கள்ல பாதிப் பேர் உள்ளே நுழைஞ்சதுமே கேட்கிறது, "குட்டி இருக்கா?" என்பதுதான். மூலையில் படுத்திருக்கும் 9 வயசு லேப்ரடாரையோ, கண் மங்கிப்போன நாட்டு நாயையோ தேடி வர்றவங்க குறைவு. இவற்றில் பல, ஒரு காலத்தில் யாரோ வீட்டில் செல்லமாக வளர்ந்தவை. வீடு மாறும்போதோ, வைத்தியச் செலவு கூடும்போதோ கைவிடப்பட்டவை. சென்னையில் தொடங்கப்பட்ட ப்ளூ கிராஸ் ஆஃப் இந்தியா மாதிரியான காப்பகங்களுக்குப் போனால் இப்படிப்பட்ட நாய்களைப் பார்க்கலாம்.

பார்த்ததும் "பாவம், கூட்டிட்டுப் போயிடலாம்"னு தோணும். நல்ல மனசுதான். ஆனா அந்தப் பரிதாபம் ஒரு வாரம் தாங்கும். அந்த நாய்க்கு நாம தேவைப்படுறது இன்னும் சில வருஷம். அதுக்கு என்னென்ன வேணும்னு பார்ப்போம்.

யார் பார்த்துக்குவாங்க?

இதுதான் முதல் கேள்வி. நீங்க ஹாஸ்டல்ல இருந்தா பேச்சே இல்லை, முடியாது. வீட்டிலிருந்து காலேஜ் போறவங்களா? காலையில் ஒரு மாத்திரை, ராத்திரி ஒரு மாத்திரை, நடுவில் மூணு நாலு தடவை வெளியே கூட்டிட்டுப் போகணும். பரீட்சை நாளிலும் இதே வேலைதான். நாளைக்குப் பெங்களூரில் வேலை கிடைச்சுப் போயிட்டா? நாம ஆசைப்பட்டுக் கொண்டுவர்ற நாய் பல வீடுகளில் கடைசியா அம்மா தலையில்தான் விழுது. அதனால அம்மாகிட்ட முன்னாடியே பேசுங்க. ஒரு தடவை கைவிடப்பட்ட நாயை இரண்டாவது தடவையும் திருப்பி விடுறது, எடுக்காமலே இருப்பதைவிட மோசம்.

காப்பகத்தில் கேட்க வேண்டியவை

இதுவரை செய்த சிகிச்சை விவரம், ரேபிஸ் ஊசி போட்ட தேதி, கருத்தடை ஆச்சா இல்லையா. இந்த மூணையும் கேட்டு எழுதிக்கோங்க. கூட்டிட்டு வந்ததும் மருத்துவரிடம் காட்டி ரத்தப் பரிசோதனை செய்யணும். நம்ம ஊர் வெயிலுக்கும் ஈரத்துக்கும் உண்ணி நல்லாப் பெருகும். உண்ணி கடிச்சு ரத்தத்தில் பரவுகிற 'டிக் ஃபீவர்' இங்கே ரொம்ப சகஜம். ஈறு வெளுத்துப்போறது, சோர்வு, சில நேரம் மூக்கில் ரத்தம் வர்றது இதோட அறிகுறிகள். தட்டணுக்கள் குறைஞ்சிருக்கான்னு பரிசோதனையில் தெரியும். கிரியேட்டினின் அளவை வைத்து சிறுநீரகம் எப்படி இருக்குன்னு பார்ப்பாங்க.

"குணமாகுமா டாக்டர்?"

டிக் ஃபீவரை மருந்தால் குணப்படுத்த வாய்ப்பு இருக்கு. மூட்டுத் தேய்மானம், இதய வால்வு பிரச்சினை, நாள்பட்ட சிறுநீரக நோய் இதெல்லாம் அப்படி இல்லை. முழுசா சரியாகாது, கட்டுப்பாட்டில் வைக்கலாம். பழைய மோட்டாரை யாரும் புதுசாக்க முடியாது. ஆனா சத்தத்தைக் கவனிச்சு, நேரத்துக்கு ஆயில் விட்டா அது ஓடும். நாயைப் பொறுத்தவரை கஷ்டம் என்னன்னா, அதுக்கு வலியைச் சொல்லத் தெரியாது. அதுவும் வயசான நாய் சத்தம் போடாம சகிச்சுக்கும். அதனாலதான் நோட்டு. நாலு விஷயத்தை அதில் எழுதினால் போதும்.

1. எடை: 15 நாளைக்கு ஒரு தடவை. நாயைத் தூக்கிக்கிட்டு எடை மெஷினில் நில்லுங்க, அப்புறம் உங்க எடையைக் கழிங்க. 15 கிலோ நாய் ஒரே மாசத்தில் 1 கிலோவுக்கு மேல் குறைஞ்சா மருத்துவரிடம் போகணும்.

2. தண்ணீர்: காலையில் அளந்து ஊத்துங்க, மறுநாள் காலையில் மிச்சத்தை அளந்து பாருங்க. ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு 100 மில்லிக்கு மேல் போனால், அதாவது 15 கிலோ நாய் 1.5 லிட்டருக்கு மேல் குடித்தால், சிறுநீரகக் கோளாறோ சர்க்கரை நோயோ இருக்கலாம். கருத்தடை செய்யாத பெண் நாயாக இருந்தால் கர்ப்பப்பையில் சீழ் பிடிச்சிருக்கவும் வாய்ப்பு உண்டு. அது அவசரம், அன்னைக்கே போகணும்.

3. மூச்சு: நல்லாத் தூங்கும்போது மார்பு ஏறி இறங்குவதை 30 வினாடி எண்ணி, இரண்டால் பெருக்குங்க. நிமிஷத்துக்கு 30-க்குக் கீழே இருக்கணும். தொடர்ந்து அதுக்கு மேல் போனால் இதயம் திணறுதுன்னு சந்தேகப்படணும்.

4. சாப்பாடும் நடையும்: முழுசா சாப்பிட்டதா, படுத்த இடத்திலிருந்து சிரமப்படாம எழுந்ததா? ஒரு வரி போதும்.

மருத்துவரிடம் "கொஞ்ச நாளா டல்லா இருக்கு டாக்டர்"னு சொல்றதுக்கும், இந்த நோட்டை நீட்டுறதுக்கும் பெரிய வித்தியாசம் இருக்கு.

வீட்டில் செய்ய வேண்டியது

டைல்ஸ் தரையில் மூட்டு வலி உள்ள நாய்க்குக் கால் வழுக்கும். அது நடக்கிற வழியில் பழைய சாக்கோ, ரப்பர் மேட்டோ விரிங்க. கண் தெரியாத நாய் இருந்தால் சோபா, கட்டிலை இடம் மாத்தாதீங்க. அது வீட்டின் அமைப்பை மனசில் பதிச்சு வச்சிருக்கும். தயிர் சாதம் மட்டுமே போட்டால் புரதம் பத்தாது. ஆனா சிறுநீரக நோய் இருந்தால் கணக்கே வேற. என்ன உணவுன்னு மருத்துவரைக் கேட்டு முடிவு பண்ணுங்க.

நமக்கு வாங்கின வலி மாத்திரையை மட்டும் கொடுத்துடாதீங்க. இபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக் எல்லாம் நாயின் வயிற்றைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். பாயசத்தில் கிடக்கிற உலர்திராட்சை, வெங்காயம், சாக்லேட், பிரியாணி எலும்பு இதெல்லாமும் ஆபத்து.

செலவு

தனியார் கிளினிக்கில் தொடர் சிகிச்சை என்றால் மாணவர் பாக்கெட் தாங்காது. சென்னை வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி ஆகிய ஊர்களில் உள்ள அரசு கால்நடை மருத்துவக் கல்லூரிகளின் மருத்துவமனைகளில் செலவு குறைவு. கூட்டம் இருக்கும், காலையிலேயே போயிடுங்க.

கடைசி நாட்கள்

இதைப் பேசாமல் கட்டுரையை முடிக்க முடியாது. ஒரு கட்டத்தில் மருந்து வேலை செய்யாது. "இன்னும் எத்தனை நாள் வச்சிருக்கலாம்?" என்ற கேள்வி வரும். அப்பவும் நோட்டு உதவும். வாரத்தில் நல்ல நாள் எத்தனை, மோசமான நாள் எத்தனைன்னு எண்ணுங்க. மோசமான நாட்கள் கூடிக்கிட்டே போனால், வலியில்லாமல் உயிர் பிரியச் செய்யும் ஊசியைப் பற்றி மருத்துவரே பேசுவார். முடிவு எதுவானாலும் அந்த நேரத்தில் நீங்க பக்கத்தில் இருங்க. ஏற்கெனவே ஒரு வீடு விட்டுட்டுப் போன ஜீவன் அது.

இதையெல்லாம் படிச்சிட்டு "இப்ப நம்மால முடியாது"ன்னு தோணினால் தப்பே இல்லை. ஞாயிற்றுக்கிழமை காப்பகத்துக்குப் போய் ஒரு வயசான நாயைக் குளிப்பாட்டி, உண்ணி எடுத்து, மெதுவா ஒரு நடை கூட்டிட்டுப் போங்க. திரும்பி வரும்போது அதோட எடையையும் எழுதிக் கொடுத்துட்டு வாங்க. அங்கே வேலை பார்க்கிறவங்களுக்கு அது உண்மையிலேயே உதவும்.